தடுப்பூசிக்கு முழு மதிப்பெண், கார்டு டெஸ்டுக்குப் பாதி: உருமாறும் ஹெபடைடிஸ் பி வைரஸை முன்வைத்து ஒரு மதிப்பீடு

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, வைரஸின் மேலுறைப் புரதம் (எச்பிஎஸ்ஏஜி) ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் எச்பிஎஸ்ஏஜி கார்டு டெஸ்ட், ஊசி போட்டபின் உடலில் உருவான ஆன்டிபாடியின் அளவைச் சொல்லும் ஆன்டிபாடி டைட்டர் ஆகிய மூன்றும் ஒரே நோயின் பெயரில் நம் ஊர் மருந்துக் கடைகளிலும் பரிசோதனைக் கூடங்களிலும் கிடைப்பவை. கொரோனாவுக்குப் பிறகு, “வைரஸ் உருமாறிவிட்டால் பழைய ஊசி வேலை செய்யுமா?” என்ற கேள்வி எல்லா ஊசிகளையும் தொடர்ந்து வருகிறது. ஹெபடைடிஸ் பி விஷயத்தில் இந்தக் கேள்வி கொரோனாவைவிடப் பல பத்தாண்டுகள் மூத்தது. அதற்குத் தெளிவான பதிலும் இருக்கிறது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் இம்மூன்றையும் அந்த ஒரே கேள்வியை வைத்து இங்கே எடைபோடுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: நோய் எதிர்ப்பிலிருந்து தப்பிக்கும் திரிபுகள் உண்மையிலேயே இருக்கின்றன; ஆனால் அவை ஏமாற்றுவது பெரும்பாலும் ஊசியை அல்ல, மலிவான கார்டு டெஸ்டைத்தான்.

முதலில் ஊசி. “மஞ்சள் காமாலை ஊசி” என்று கேட்டு வாங்குபவர்கள், இது எல்லா மஞ்சள் காமாலைக்குமான ஊசி அல்ல என்பதை அறிந்துகொள்வது நல்லது. அசுத்தமான குடிநீர் வழியாக வரும் ஏ, ஈ வகைகளுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ரத்தம், உடலுறவு, பிரசவம் ஆகியவற்றின் வழியே பரவி, கல்லீரலில் ஆண்டுக்கணக்கில் தங்கி, சிரோசிஸ் (கல்லீரல் சுருக்கம்) வரையும் புற்றுநோய் வரையும் கொண்டுபோய் விடக்கூடிய பி வகைக்கு மட்டுமானது இது. உலகில் 25 கோடிக்கும் அதிகமானோர் இந்த வைரஸைச் சுமந்து வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டுக்குக் கணக்கிட்டது. அவர்களில் ஏறத்தாழ மூன்று கோடிப் பேர் இந்தியர்கள்.

குப்பிக்குள் இருப்பது வைரஸ் அல்ல. அதன் மேலுறையில் உள்ள ஒரே ஒரு புரதம். 1965இல் பாருக் பிளம்பெர்க் ஓர் ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் ரத்தத்தில் கண்டறிந்து, பின்னர் நோபல் பரிசு பெறக் காரணமான ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜென்’தான் அது. 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் ஊசிக்கு, நோயைச் சுமந்தவர்களின் ரத்தப் பிளாஸ்மாவிலிருந்தே இந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். 1986இல் அதே புரதத்தை ஈஸ்ட் செல்களில் வளர்த்தெடுக்கும் முறை வந்தது. 1997இல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் ‘ஷான்வாக்-பி’யை வெளியிட்ட பிறகு, அதுவரை வசதி படைத்தவர்களுக்கு மட்டுமே எட்டிய இந்த ஊசி, இறக்குமதி விலையின் ஒரு சிறு பங்குக்கு இங்கே கிடைக்கத் தொடங்கியது. இன்று பல இந்திய நிறுவனங்கள் தயாரிக்கின்றன. எந்த நிறுவனத்தின் ஊசி என்று பார்த்துப் பார்த்து வாங்குவதைவிட, அது எப்படி வைக்கப்பட்டிருந்தது என்று பார்ப்பதே பயனுள்ளது.

காரணம், இந்தப் புரதம் அலுமினிய உப்பின் நுண்துகள்களில் ஒட்டவைக்கப்பட்டிருக்கிறது. அசையாமல் வைத்த குப்பியின் அடியில் வெண்ணிறப் படிவும் மேலே தெளிந்த நீரும் தெரியும். குலுக்கினால் எல்லாம் கலந்து லேசான பால்நிறமாகும். இது இயல்பு. ஆனால் குப்பி ஒருமுறை உறைந்துபோயிருந்தால் துகள்கள் திரண்டுவிடும். குலுக்கி வைத்த சிறிது நேரத்திலேயே கனத்த படிவு அடியில் இறங்கிவிடும். அந்த ஊசியைப் போடுவதும் போடாமல் இருப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். 2 முதல் 8 டிகிரி வரை வைக்க வேண்டிய குப்பியை, ‘குளிர்ச்சி அதிகமாக இருந்தால் இன்னும் பாதுகாப்பு’ என்று எண்ணி ஃப்ரீசரை ஒட்டி வைக்கும் கடைகள் உண்டு. உருமாறிய வைரஸைப் பற்றிக் கவலைப்படுபவர்கள், அதற்கு முன்னால் இதைப் பற்றிக் கவலைப்படலாம்.

இனித் திரிபு விஷயத்துக்கு வருவோம். மேலுறைப் புரதம் 226 அமினோ அமிலங்களால் ஆனது. அதில் 124 முதல் 147 வரையிலான துண்டு, வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் ஒரு வளைவு. ஆராய்ச்சியாளர்கள் இதை ‘ஏ டிடர்மினன்ட்’ என்பார்கள். வைரஸின் எல்லா மரபு வகைகளுக்கும் பொதுவான பகுதி இதுவே. பரவலாகப் பயன்படும் ஊசிகள் ஏ2 என்ற மரபு வகையின் புரதத்தைக் கொண்டவை; இந்தியாவில் மிகுதியாகக் காணப்படுவதோ டி வகை. அப்படியிருந்தும் ஊசி இங்கே வேலை செய்வதற்குக் காரணம் இந்தப் பொதுப் பகுதிதான். ஊசி போட்டபின் உருவாகும் ஆன்டிபாடிகளில் முக்கியமானவை பற்றிக்கொள்வது இந்த வளைவைத்தான். ஆகவே வைரஸ் தப்ப வேண்டுமென்றால் இங்கேதான் எதையாவது மாற்றியாக வேண்டும்.

அப்படி மாற்றிய ஒன்று தெற்கு இத்தாலியில் பிடிபட்டது. நோயைச் சுமந்தவர்களோடு நெருங்கி வாழ்ந்த, தடுப்பூசி பெற்ற 1,590 பேரைத் தொடர்ந்து கவனித்தபோது 44 பேருக்கு எச்பிஎஸ்ஏஜி தென்பட்டது. அவர்களில் ஒரு குழந்தையின் உடலில் இருந்த வைரஸில் 145ஆம் இடத்தில் கிளைசின் இருக்க வேண்டிய இடத்தில் ஆர்ஜினின் இருந்தது. மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதன் விளைவு அது. ஊசியால் உருவான ஆன்டிபாடி அந்தக் குழந்தையின் ரத்தத்தில் இருந்தும் அதனால் இந்த வைரஸை முடக்க முடியவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்தும் அதே மாற்றம் நிலைத்திருந்தது. 1990இல் ‘லான்செட்’ இதழில் இது வெளியானபோது, தடுப்பூசியின் காலம் முடிந்துவிட்டதோ என்ற அச்சம் எழுந்தது இயல்பே. ஜி145ஆர் என்ற அந்தத் திரிபுதான் இன்றுவரை எல்லாப் புதிய ஊசிகளுக்கும் பரிசோதனைக் கருவிகளுக்கும் முதல் தேர்வுத்தாள்.

இந்த வைரஸ் இவ்வளவு எளிதாக எழுத்துப்பிழை செய்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. டிஎன்ஏ வைரஸாக இருந்தாலும், பெருகும்போது இடையில் ஆர்என்ஏ நிலைக்குச் சென்று, அங்கிருந்து மீண்டும் டிஎன்ஏவாகப் படியெடுக்கிறது. படியெடுக்கும் நொதிக்குப் பிழை திருத்தும் வசதி கிடையாது. ஆனால் அதே வைரஸுக்கு ஒரு கடிவாளமும் உண்டு: அதன் மரபணு ஏறத்தாழ 3,200 எழுத்துகளே கொண்டது, இடம் போதாமையால் மேலுறைப் புரதத்துக்கான எழுத்துகளே படியெடுக்கும் நொதிக்கான எழுத்துகளாகவும் இருக்கின்றன. உறையை மாற்றினால் நொதியும் கூடவே மாறிவிடக்கூடும். எனவே தப்பிக்க எடுக்கும் ஒவ்வோர் அடிக்கும் அது ஒரு விலை கொடுக்க நேர்கிறது. கொரோனா வைரஸ் அலை அலையாக உருமாறி உலகைச் சுற்றியது போல இது சுற்றாததற்கு இந்த நெருக்கடியும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

கணிப்பு ஒருபுறம் இருக்கட்டும். நாற்பது ஆண்டுச் சோதனை ஒன்று தைவானில் நடந்திருக்கிறது. 1984 ஜூலையில், நோயைச் சுமந்த தாய்மார்களின் குழந்தைகளில் தொடங்கி, நாடு தழுவிய ஊசித் திட்டத்தை அவர்கள் கொண்டுவந்தார்கள். அதற்குமுன் தைபே நகரில் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 9.8 விழுக்காட்டினர் வைரஸைச் சுமந்திருந்தார்கள். 1994இல் அது 1.3 விழுக்காடாகவும் 2004இல் அரை விழுக்காடாகவும் குறைந்தது. அதே குழந்தைகளிடம் வைரஸின் மரபணுவையும் படித்துப் பார்த்தார்கள். வைரஸ் இருந்தவர்களில், ஏ டிடர்மினன்ட் பகுதியில் மாற்றம் கொண்டவர்களின் பங்கு 1984இல் 7.8 விழுக்காடு, 1989இல் 19.6, 1994இல் 28.1.

இந்த மூன்று எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு, “ஊசி போடப் போடத் திரிபு பெருகுகிறது” என்று வாட்ஸ்அப்பில் எழுதிவிடலாம். இரண்டு வரிசைகளையும் பெருக்கிப் பார்த்தால் கதை மாறும். தோராயக் கணக்குதான்: 1984இல் நூறு குழந்தைகளில் சுமார் 0.76 பேரிடம் திரிபு வைரஸ். 1994இல் சுமார் 0.37 பேரிடம். அதாவது பங்கு கூடியது, ஆட்கள் பாதியாகக் குறைந்தார்கள். ஊசிக்கு அடங்கும் வைரஸ் பெருமளவு ஒழிந்ததால், அடங்காதது எஞ்சியவற்றில் பெரிதாகத் தெரிந்தது, அவ்வளவே. மேலும் 1999இல் அந்தப் பங்கு 23.1 விழுக்காடாக இறங்கியதேயன்றி ஏறவில்லை. ஒரு பொருளைச் சந்தையில் நாற்பது ஆண்டுகள் விற்ற பிறகும் அதன் எதிரி அதை வெல்லவில்லை என்பதைவிடப் பெரிய விமர்சனம் அந்தப் பொருளுக்கு வேறென்ன வேண்டும்?

இதோடு சிம்பன்சிகளில் செய்த ஆய்வையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வழக்கமான ஈஸ்ட் ஊசி போடப்பட்ட சிம்பன்சிகளுக்கு ஜி145ஆர் திரிபு வைரஸையே நேரடியாகச் செலுத்திப் பார்த்தார்கள். 1999இல் வெளியான முடிவின்படி அவை நோயிலிருந்து முழுமையாகக் காக்கப்பட்டன. ஒரே ஆன்டிபாடியை எடுத்துச் சோதனைக் குழாயில் வைத்துப் பார்த்தால் தப்பும் வைரஸ், முழுமையாக எதிர்ப்பு பெற்ற உடலில் தப்புவதில்லை. ஊசியைப் பெற்ற உடல் அந்தப் புரதத்தின் பல முனைகளுக்கும் தனித்தனி ஆன்டிபாடிகளைச் செய்கிறது. நோயெதிர்ப்பு அணுக்களான டி செல்களும் பழகிக்கொள்கின்றன. மீசையை மட்டும் வைத்து ஆளை அடையாளம் காணும் காவலாளியை, மீசையை மழித்துவிட்டு ஏமாற்றலாம். நடை, குரல், முகம் எல்லாம் தெரிந்த ஊர்க்காரர்களை ஏமாற்றுவது கடினம்.

அப்படியானால் ஊசி தோற்கும் இடமே இல்லையா என்றால், இருக்கிறது. அது பிரசவ அறை. தாயின் ரத்தத்தில் வைரஸ் மிக அதிகமாக இருக்கும்போது, ஊசிக்கு உடல் எதிர்வினை காட்டுவதற்கு முன்பே குழந்தையின் உடலில் வைரஸ் புகுந்துவிடுகிறது. அந்தப் பெருங்கூட்டத்தில் ஓரிரு திரிபுகள் ஏற்கெனவே இருக்கலாம். பிறந்தவுடன் கொடுக்கும் இம்யூனோகுளோபுலினும் (தயார்நிலை ஆன்டிபாடி) ஊசியும் மற்றவற்றை அடக்கிவிட, திரிபுக்குப் போட்டியில்லாத களம் கிடைக்கிறது. இத்தாலியக் குழந்தையின் கதையும் தைவான் குழந்தைகளில் பலரின் கதையும் இப்படிப்பட்டவையே. இங்கே குறை ஊசியின் கலவையில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி, அதிக வைரஸ் கொண்ட தாய்க்குக் கர்ப்ப காலத்தில் வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரை என்பவை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வழிகள். தமிழகத்திலும் கேரளத்திலும் 2011 டிசம்பரில் பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான கூட்டு) ஊசி முதலில் வந்ததால், 6, 10, 14ஆம் வாரங்களில் ஹெபடைடிஸ் பி ஊசி தானாகவே கிடைத்துவிடுகிறது என்று பெற்றோர் பலர் நிம்மதியடைகிறார்கள். பிறந்த அன்று போட வேண்டிய தனி ஊசிக்கு அவை மாற்றாகா.

இனி இந்த மதிப்பீட்டின் உண்மையான குற்றவாளிக்கு வருகிறேன்: கார்டு டெஸ்ட்.

அறுவை சிகிச்சைக்கு முன், பிரசவத்துக்கு முன், வெளிநாட்டு வேலைக்கு முன் என்று எல்லா இடத்திலும் நம் விரல் நுனி ரத்தமோ சீரமோ போய் விழுவது அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் அட்டையின் குழியில்தான். துளி நகர்ந்து போகும் வழியில், தங்க நுண்துகள் ஒட்டிய ஆன்டிபாடிகள் வைரஸின் உறைப் புரதத்தைப் பற்றிக்கொள்ள வேண்டும். ‘டி’ என்ற இடத்தில் காத்திருக்கும் இன்னொரு ஆன்டிபாடி அந்தக் கூட்டை நிறுத்த வேண்டும். அப்போதுதான் செந்நிறக் கோடு விழும். பெரும்பாலான கார்டுகளில் இருப்பவை மோனோக்ளோனல் ஆன்டிபாடிகள், அதாவது புரதத்தின் ஒரே முனையை மட்டும் அறிந்தவை. அந்த முனை அநேகமாக ஏ டிடர்மினன்ட் வளைவில் இருக்கும். 145இல் ஓர் அமினோ அமிலம் மாறினால் வளைவின் வடிவம் மாறி, பிடி நழுவி, கோடு விழாமல் போகலாம். ‘சி’ கோடு மட்டும் பளிச்சென்று தெரியும். ஆள் நெகட்டிவ் என்று எழுதப்படுவார். ரத்தத்தில் வைரஸ் இருந்துகொண்டே இருக்கும்.

கார்டின் சிக்கல் திரிபோடு நிற்பதில்லை. அதன் நுண்ணுணர்வே, கூடத்தில் கருவி வைத்துச் செய்யும் எலைசா, கெமிலுமினசென்ஸ் சோதனைகளைவிடப் பல மடங்கு குறைவு. திரிபு வைரஸ்கள் பல நேரங்களில் உறைப் புரதத்தைக் குறைவாகவே வெளியிடுகின்றன. பிடி தளர்ந்த ஆன்டிபாடியும் குறைந்த அளவும் சேர்ந்துகொண்டால் தப்பிப்பது எளிதாகிறது. விழுந்ததா இல்லையா என்று விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்க்க வைக்கும் மங்கிய கோட்டை, வேலை மிகுந்த காலை நேரத்தில் யாரும் நின்று பார்ப்பதில்லை என்பதும் உண்மை.

கார்டை முற்றிலும் ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. மின்சாரம் இல்லாத ஊரிலும் இருபது நிமிடத்தில் பதில் தருவதால், மலைக்கிராம முகாமில் அதற்கு இணை இல்லை. பாசிட்டிவ் என்று அது சொன்னால் பெரும்பாலும் நம்பலாம். உறுதிசெய்துகொள்ள இரண்டாவது சோதனை போதும். நெகட்டிவ் என்று அது சொல்வதை எவ்வளவு நம்புவது என்பதே கேள்வி. ரத்த தானம், டயாலிசிஸ், கல்லீரல் நொதிகள் காரணமின்றி உயர்ந்திருத்தல், புற்றுநோய்க்குக் கீமோதெரபி தொடங்குதல் ஆகிய சந்தர்ப்பங்களில் கார்டின் ‘இல்லை’ எனக்குப் போதாது. குறிப்பாகக் கீமோதெரபியும் ரிடுக்சிமாப் போன்ற மருந்துகளும் உடலின் எதிர்ப்பைத் தாழ்த்தும்போது, உறங்கிக் கிடந்த வைரஸ் விழித்தெழுந்து கல்லீரலையே செயலிழக்கச் செய்யக்கூடும். அப்படி விழித்தவற்றில் உறைத் திரிபுகள் காணப்பட்டிருக்கின்றன. அங்கே ஆன்டி எச்பிசி என்ற தனிச் சோதனையைச் சேர்த்துக் கேட்க வேண்டும். அது வைரஸின் உட்கருப் புரதத்துக்கான ஆன்டிபாடியைத் தேடுவதால், உறையில் எந்தத் திரிபு வந்தாலும் அது ஏமாறுவதில்லை. ஊசி போட்டவர்களுக்கு இது பாசிட்டிவ் ஆகாது, உண்மையில் தொற்றியவர்களுக்கு மட்டுமே ஆகும் என்பது கூடுதல் வசதி. ரத்த வங்கியாக இருந்தால் வைரஸின் மரபணுவையே தேடும் ‘நாட்’ சோதனை செய்யும் வங்கியாக இருப்பது மேல்.

கருவி நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை. பல முனைகளைப் பிடிக்கும் ஆன்டிபாடிகளை ஒன்றாகச் சேர்த்து, ரோஷின் எலக்சிஸ் எச்பிஎஸ்ஏஜி II போன்ற சோதனைகள் திரிபுகளையும் கண்டறியும்படி வடிவமைக்கப்பட்டன. எந்தக் கிட்டாக இருந்தாலும் உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளில், எந்தெந்தத் திரிபுகளை வைத்துச் சோதித்தார்கள் என்று ஒரு பகுதி இருக்க வேண்டும். மலிவு கார்டுகள் சிலவற்றின் தாளை எவ்வளவு புரட்டினாலும் அந்தப் பகுதி கண்ணில் படுவதில்லை. கூடத்துக்குக் கிட் வாங்கும் பொறுப்பில் இருப்பவர்கள் விலைப்பட்டியலுக்கு முன்னால் அந்தத் தாளைக் கேட்க வேண்டும்.

மூன்றாவது பொருளான டைட்டரைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மூன்றாவது ஊசிக்குப் பின் ஒன்று அல்லது இரண்டு மாதத்தில் எடுத்தால், மில்லிலிட்டருக்கு 10 எம்ஐயு-க்கு மேல் இருந்தால் போதும். மருத்துவமனை ஊழியர்கள், டயாலிசிஸ் நோயாளிகள், வைரஸ் சுமப்பவரின் துணைவர் ஆகியோருக்கு இது அவசியம், மற்றவர்களில் பெரும்பாலோருக்கு வீண் செலவு. ஊசி போட்டுப் பல ஆண்டுகள் கழித்து எடுத்து, எண் குறைந்துவிட்டதே என்று பதறி வருபவர்களுக்கு ஒரு செய்தி: அலாஸ்காவில் 30 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், ஆன்டிபாடி குறைந்தவர்களிலும் நோயெதிர்ப்பு நினைவு நீடித்ததும் பாதுகாப்பு தொடர்ந்ததும் தெரியவந்தது. ‘திரிபுக்கு எதிரான டைட்டர்’ என்று யாராவது பேக்கேஜ் விற்றால் வாங்க வேண்டாம். வழக்கமான டைட்டர் மொத்த அளவைச் சொல்லுமே தவிர, எந்த ஆன்டிபாடி எந்த முனையைப் பிடிக்கிறது என்று பிரித்துச் சொல்லாது.

இடையே ஒரு சொல், கீழாநெல்லியை நம்பி ஊசியையும் மாத்திரையையும் ஒத்திப்போடுபவர்களுக்காக. 1988இல் சென்னை ஆய்வாளர்கள் பிளம்பெர்க்கோடு சேர்ந்து ‘லான்செட்’டில் வெளியிட்ட முடிவு நம்பிக்கை தருவதாக இருந்தது, பிற்பாடு பிற இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை.

வைரஸை அடக்கும் மாத்திரைகளுக்கும் திரிபுக்கும் ஒரு தொடர்பு உண்டு. உறையும் நொதியும் ஒரே எழுத்துகளைப் பகிர்வதால், லாமிவுடின் மாத்திரைக்கு எதிராக நொதி உருமாறும்போது உறையும் சேர்ந்து மாறி, சில கூட்டுத் திரிபுகளில் ஆன்டிபாடியின் பிடி ஜி145ஆர் அளவுக்கே தளர்ந்துவிடுகிறது. எதிர்ப்பு எளிதில் உருவாகும் லாமிவுடினைத் தனியாகத் தருவதை விட்டு டெனோஃபோவிர், என்டெகாவிர் பக்கம் மருத்துவர்கள் திரும்பியதன் ஒரு நன்மை இந்தக் குறுக்குவழி அடைபட்டதும்தான். இன்னும் லாமிவுடின் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் தங்கள் மருத்துவரிடம் பேசலாம்.

புதிய ஊசிகளுக்குக் காத்திருக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஹெப்லிசாவ்-பி, ஒரு மாத இடைவெளியில் இரண்டே ஊசிகளில் முடிந்துவிடுகிறது. வயதானவர்களிடமும் நீரிழிவு உள்ளவர்களிடமும் கூடுதல் எதிர்வினை தருகிறது. ஆனால் அதிலும் இருப்பது அதே ஒற்றைப் புரதம்தான். உறையின் மூன்று புரதங்களையும் கொண்ட ப்ரிஹெவ்ப்ரியோ 2021இல் அனுமதி பெற்றது. திரிபு என்ற கோணத்தில் பார்த்தால் கொள்கையளவில் இதுவே மேலானது, ஏனென்றால் ஓரிடத்தில் உருமாறும் வைரஸுக்கு மற்ற இரண்டு இடங்களிலும் ஆன்டிபாடி காத்திருக்கும். தயாரித்த நிறுவனம் 2024இல் திவாலாகி ஊசியும் சந்தையிலிருந்து போய்விட்டது. காத்திருந்தவர்களுக்கு மிஞ்சியது காத்திருந்த மாதங்களின் பாதுகாப்பின்மை மட்டுமே.

ஆகவே வாங்குவதற்கான என் பரிந்துரை இது: பெரியவர்களுக்கு 20 மைக்ரோகிராம் ஊசி, 0, 1, 6 மாதங்களில், புஜத்தில் (இடுப்பில் போட்டால் எதிர்வினை குறைகிறது), எந்த இந்திய நிறுவனத்தின் ஊசியாக இருந்தாலும் சரி, குளிர்பதனம் ஒழுங்காக இருக்கும் இடத்தில். ஆறாம் மாத ஊசியை மறந்துவிடுபவர்களே அதிகம் என்பதால், முதல் ஊசியன்றே கைப்பேசியில் நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனைக்குப் போகும்போது “எச்பிஎஸ்ஏஜி கார்டா, எலைசாவா?” என்று கேளுங்கள், சில கூடங்களில் எலைசாவுக்கு மறுநாள் வரச் சொல்வார்கள், வரலாம்.